முடிவு மாறாவிட்டால் நம் தேர்வுக்கு என்ன மதிப்பு? சைட் குவெஸ்ட் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கெரால்ட் என்ற விட்சராக, அதாவது கூலிக்கு அரக்க மிருகங்களை வேட்டையாடுபவராக, ஆடும் விட்சர் 3 கேமை இரண்டு முறை முடித்துவிட்டீர்கள். இரண்டாவது முறை வேண்டுமென்றே எல்லா இடத்திலும் முதல் முறைக்கு நேர் எதிரான பதிலைச் சொன்னீர்கள். ஆனாலும் அதே கப்பல் தளம், அதே வில்லன் எரெடின், அதே கடைசிச் சண்டை. 'அப்படியானால் அத்தனை மணி நேரம் ஓடி ஓடிச் செய்த சைட் குவெஸ்ட்டெல்லாம் (முக்கியக் கதைக்கு வெளியே உள்ள கிளைப்பணிகள்) மேப்பை நிரப்பத்தானா, நான் எடுத்த முடிவுகளுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?' என்கிறீர்கள். எல்லா சைட் குவெஸ்ட்டையும் முடிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சைட் குவெஸ்ட் பற்றியதாகத் தெரிந்தாலும் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. ஒரு தேர்வு உண்மையானது என்று சொல்ல வேண்டுமானால் அது கடைசிக் காட்சியை மாற்றியே தீர வேண்டுமா? வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். சொல்லப்போனால், உண்மையான தேர்வுகளைத் தேட வேண்டிய இடமே சைட் குவெஸ்ட்தான். ஏன் என்று விளக்குகிறேன். விட்சர், மாஸ் எஃபெக்ட், ஃபால்அவுட் 3, டிஸ்கோ எலிசியம் கதைகளை உடைத்துத்தான் பேச முடியும். இனிமேல்தான் ஆடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் பல வருடங்களாகக் குவெஸ்ட் எழுதுகிறேன், பிறர் எழுதியதைச் சோதித்துப் பார்க்கிறேன். நண்பர்களுக்கு மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதை சொல்லி ஆடும் ஆட்டத்தை நடத்தும் பழக்கமும் உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்தவை மேற்கத்திய ஆர்பிஜிகள், அதாவது ஒரு பாத்திரமாகவே இருந்து ஆடும் கேம்கள். ஜப்பானிய ஆர்பிஜிகளைக் குறைவாகத்தான் ஆடியிருக்கிறேன். அங்கே கதாபாத்திரம் ஏற்கெனவே வார்க்கப்பட்டிருக்கும், நாம் அவர் கூடவே நடப்போம். அதனால் கீழே சொல்வதை அந்த கேம்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். மெயின் குவெஸ்ட்டால், அதாவது முக்கியக் கதையால், நம் தேர்வுகளை ஒரு அளவுக்கு மேல் தாங்க முடியாது. கணக்கு எளிது. ஆம், இல்லை என்று இரண்டே வழி உள்ள தேர்வுகள் பத்து இருக்கின்றன, ஒவ்வொன்றின் விளைவும் கடைசி வரை தனித்தனியாகத் தொடர வேண்டும் என்றால், 1024 கதைகள் எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் வசனம் பல மொழிகளில் பதிவாக வேண்டும், முகம் அசைய வேண்டும், கேமரா நகர வேண்டும், சோதனை செய்பவர்கள் எல்லாவற்றையும் ஆடிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு ஆட்டக்காரர் பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கல்யாணத்துக்குச் சமைத்து ஒரு பந்திக்கு மட்டும் பரிமாறுவது போன்ற செலவு அது. அதனால் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் ஒரே வழியைத்தான் பிடிக்கின்றன: பாதை பிரியும், கொஞ்ச தூரம் போகும், மறுபடி ஒன்றாகச் சேரும். நீங்கள் இரண்டாவது முறை கண்டது இந்தச் சேரும் இடங்களைத்தான். மேசையில் ஆடும்போது இந்தச் சிக்கல் கிடையாது. ஆட்டக்காரர்கள் ராஜாவைக் கொன்றுவிட்டால் நான் அந்த இடத்திலேயே யோசித்துக் கதையைத் திருப்பிவிடுவேன். கம்ப்யூட்டர் கேமில் முன்பே எழுதி வைத்ததுதான் உண்டு.

இதே கணக்கை சைட் குவெஸ்ட்டுக்குப் போட்டுப் பாருங்கள், விடை தலைகீழாகிவிடும். சைட் குவெஸ்ட் எதனுடனும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. அதில் வரும் ஆள் சாகலாம், ஊரை விட்டு ஓடலாம், உங்களை ஜென்மத்துக்கும் வெறுக்கலாம். மெயின் குவெஸ்ட்டுக்கு அவர் தேவையில்லை என்பதால் எழுதுபவரின் கை கட்டப்படுவதில்லை. கெரால்ட் மகள்போல வளர்த்த சிரியை எந்தத் தேர்வாலும் கதையின் பாதியில் சாகவிட முடியாது, கேம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் வெள்ளைப் பழத்தோட்டம் என்ற அந்த முதல் கிராமத்தில் லேனா என்ற பெண்ணைச் சாகவிடலாம்.

லேனாவை நினைவிருக்கிறதா? கிரிஃபின் என்ற பறக்கும் மிருகத்துக்குத் தூண்டில் வைக்க ஒரு மூலிகை தேவைப்படுகிறது, அதைக் கேட்கத்தான் மூலிகை வைத்தியம் செய்யும் தொமீராவின் குடிசைக்குப் போகிறோம். அங்கே கட்டிலில் கிரிஃபின் கிழித்துப்போட்ட பெண் ஒருத்தி கிடக்கிறாள். தன்னிடம் உள்ள மருந்தால் காப்பாற்ற முடியாது, வலியைக் குறைக்கத்தான் முடியும் என்கிறாள் தொமீரா. கெரால்ட்டிடம் ஸ்வாலோ என்ற மருந்து உண்டு. அது விட்சர்களின் உடம்புக்காகச் செய்யப்பட்டது, சாதாரண மனிதர்களுக்கு விஷம். கொடுத்தால் பிழைக்கலாம், துடிதுடித்துச் சாகவும் செய்யலாம். கொடுக்காவிட்டால் நிச்சயம் சாவு. முடிவு உங்கள் கையில். கொடுத்தீர்களானால் அந்த நேரத்தில் பெரிதாக எதுவும் நடக்காது. கொஞ்சம் அனுபவப் புள்ளி, தொமீராவின் நன்றி, அவ்வளவுதான். கேம் நகர்ந்துவிடும், நீங்களும் மறந்துவிடுவீர்கள். வெகு நேரம் கழித்து, படையெடுத்து வந்த நில்ஃப்கார்ட் பேரரசின் முகாமுக்குப் போகும்போது ஒரு சிப்பாய் உங்களிடம் பேசுவான். அவன் லேனாவின் காதலன். அன்று இரவு அவள் காட்டு வழியே போனதே அவனைப் பார்க்கத்தான். அவள் பிழைத்துவிட்டாள், ஆனால் பழைய லேனா இல்லை, புத்தி தெளியவே இல்லை என்பது அவன் வாயால்தான் தெரியவரும்.

இந்தக் குவெஸ்ட்டை முடிக்க ஐந்து நிமிடம் போதும். சண்டை கிடையாது, புதையல் கிடையாது, கடைசிக் காட்சியில் இதற்கு எந்தப் பங்கும் கிடையாது. ஆனாலும் இதைப் பற்றி ஆட்டக்காரர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. முடிவெடுக்கும் முன்பே உங்களுக்குத் தேவையானது எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. ஆபத்து என்ன என்று தெரியும், எதையும் மறைக்கவில்லை. ஆனால் எது சரி என்று யாரும் சொல்லவில்லை. எதைத் தேர்ந்தாலும் திரையில் 'நல்லவர்' என்று புள்ளி ஏறவில்லை. அதன் பலனைச் சுமப்பது நீங்கள் அல்ல, வேறொருத்தி. அந்தச் செய்தி வந்து சேரும்போது பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்ப முடியாத தூரம் வந்திருப்பீர்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை விட்சர் கேம்களை எடுத்த சிடி ப்ராஜெக்ட் ரெட் 2007இல் வந்த முதல் விட்சரிலேயே கையாண்டது. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒருவனுடைய சரக்குப் பெட்டிகளுக்கு இரவில் காவல் இருப்பீர்கள். எல்ஃப் போராளிகள் வந்து கேட்பார்கள். கொடுக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் சண்டை, கொடுத்தால் சமாதானம். அவ்வளவுதான் என்று தோன்றும். பல மணி நேரம் கழித்து, வேறொரு விசாரணையில், நீங்கள் தேடிப் போகும் ஒரு முக்கிய ஆள் அம்புபட்டுச் செத்துக் கிடப்பான். அந்த அம்பு அன்று நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கொடுத்தனுப்பிய பெட்டியிலிருந்து வந்தது. உடனே விளைவைக் காட்டினால் ஆட்டக்காரர் பழைய சேவ் ஃபைலை லோட் செய்துவிட்டு மற்ற வழியைப் பார்ப்பார், இரண்டில் எது லாபமோ அதை வைத்துக்கொள்வார். அப்புறம் அது ஒரு விலைப்பட்டியலாகிவிடும். தாமதம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. 2015இல் வந்த அண்டர்டேல் இதற்கு வேறு மருந்து கண்டுபிடித்தது. முதல் பகுதியில் உங்களைத் தாய்போலப் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் லோட் செய்து அவளைக் காப்பாற்றினால், சிறிது நேரத்தில் ஒரு பாத்திரம் நீங்கள் செய்ததைச் சொல்லிக் காட்டும். லோட் செய்ததையே அந்த கேம் கதைக்குள் கொண்டுவந்துவிட்டது.

தாமதமாக வரும் விளைவு எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். இங்கே கருத்து வேறுபாடு உண்டு. ஃபால்அவுட் 3இல், 2008இல் வந்தது, டென்பென்னி டவர் என்று ஒரு கோபுரம். உள்ளே பணக்காரர்கள், வெளியே கூல்கள், அதாவது கதிர்வீச்சில் தோல் உரிந்த மனிதர்கள், உள்ளே இடம் கேட்டு நிற்கிறார்கள். பேசிப் பேசி இரு தரப்பையும் சேர்த்து வைக்கும் வழி ஒன்று இருக்கிறது, அதுதான் பார்க்க நல்ல வழி. கொஞ்ச காலம் கழித்துத் திரும்பிப் போனால் பழைய குடியிருப்பாளர்கள் எல்லாரும் கொல்லப்பட்டிருப்பார்கள். கூல்களின் தலைவன் ராய் பிலிப்ஸ் செய்த வேலை. 'நல்லது செய்தவனை ஏமாற்றிய குவெஸ்ட்' என்று பலர் இதைத் திட்டுகிறார்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன். ராயுடன் பேசும் ஒவ்வொரு முறையும் அவன் மனதில் உள்ள வன்மம் வார்த்தையில் தெரிகிறது, கேம் அதை ஒளிக்கவில்லை. விளைவு தெரிந்த பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தால் அடையாளங்கள் அங்கேயே இருக்க வேண்டும், இதுதான் என் அளவுகோல். ஆனால் ராய் காட்டிய அடையாளங்கள் போதுமா என்பதில் நியாயமாகவே இரண்டு பக்கமும் வாதாடலாம். அந்தக் கோபுரத்தில் இருந்தவர்களில் கூல்களை வெறுக்காதவர்களும் உண்டு, அவர்களும் சேர்ந்துதான் சாகிறார்கள். எதிர்ப்பவர்களின் கோபத்துக்கு அது ஒரு காரணம், அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

அதே கேமில் எல்லாரும் உதாரணம் காட்டும் இன்னொரு குவெஸ்ட் மெகாடன். ஊர் நடுவே வெடிக்காத அணுகுண்டு. செயலிழக்கச் செய்தால் அந்த ஊரிலேயே ஒரு வீடு, வெடிக்க வைத்தால் டென்பென்னி டவரில் ஒரு அறை. விளைவு என்று பார்த்தால் இதைவிடப் பெரியது கிடையாது, ஒரு ஊரே போகிறது. ஆனால் தேர்வு என்று பார்த்தால் காலி. ஊரை ஏன் அழிக்க வேண்டும்? கோபுரத்திலிருந்து பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறதாம். இதில் யோசிக்க எதுவுமே இல்லை. நல்லவனாக ஆட வந்தவர் செயலிழக்கச் செய்வார், கெட்டவனாக ஆட வந்தவர் வெடிக்க வைப்பார். முடிவு கேமைத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. லேனாவின் கட்டில் அருகே நின்றவர் அங்கே நின்றுதான் முடிவெடுத்தார். விளைவின் அளவும் தேர்வின் கனமும் வேறு வேறு என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பார்த்துவிடலாம்.

நல்லவர், கெட்டவர் மீட்டர் வைத்த கேம்களில் இந்தக் குறை பெரும்பாலும் வந்துவிடுகிறது. விண்வெளிக் கதையான மாஸ் எஃபெக்ட் 2இல் பாராகன் (நல்லவர், நீலம்), ரெனகேட் (முரடர், சிவப்பு) என்று இரண்டு கணக்கு ஓடும். ஒன்றில் போதுமான புள்ளி இருந்தால்தான் பின்னால் சில வசனங்கள் திறக்கும். அதனால் ஆட்டக்காரர் ஒவ்வொரு பேச்சிலும் எதிரே நிற்பவரைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். நீலம் என்றால் கடைசி வரை நீலம். அந்தத் தொடரில் வேலை செய்த ஒருவர் 2020இல் ட்விட்டரில், ஏறக்குறைய 92 சதவீதம் பேர் பாராகனாகத்தான் ஆடினார்கள் என்று எழுதினார். இந்த எண்ணைப் பல இடங்களில் உறுதியான புள்ளிவிவரம் போல எடுத்துப்போடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். முன்னாள் ஊழியர் ஒருவர் நினைவிலிருந்து சொன்னது அது, எப்படி எண்ணினார்கள் என்ற விவரம் அதில் இல்லை. பெரும்பாலானவர்கள் கேமில் நல்லவர்களாக இருக்கவே விரும்புகிறார்கள் என்பது வரை நானும் சோதனைகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அந்த எண்ணில் எடை ஏற்ற வேண்டாம்.

ஆனால் அதே மாஸ் எஃபெக்ட் 2இல், நிறத்தை வைத்து எளிதில் விடை சொல்ல முடியாத ஒரு குவெஸ்ட் இருக்கிறது. நம் குழுவில் உள்ள விஞ்ஞானி மோர்டின் சோலஸின் லாயல்ட்டி மிஷன், அதாவது அவருடைய விசுவாசத்தைப் பெறும் வேலை. கட்டாயம் கிடையாது, விட்டுவிட்டும் கேமை முடிக்கலாம். க்ரோகன் இனத்தின் பிறப்பை ஒடுக்கிய ஜெனோஃபேஜ் என்ற நோயை மேம்படுத்தியவர்களில் மோர்டினும் ஒருவர். அவருடைய பழைய மாணவன் மேலன் க்ரோகன்களின் கிரகமான டுச்சான்காவில் அந்த நோய்க்கு மருந்து தேடுகிறான், உயிரோடு இருக்கும் க்ரோகன்களை வதைத்துச் சோதித்து. கடைசியில் ஒரே கேள்வி: அந்த ஆராய்ச்சித் தகவலை வைத்துக்கொள்வதா, அழிப்பதா? வைத்துக்கொண்டால் அந்தச் சித்திரவதைக்குப் பயன் கிடைத்துவிட்டதாக ஆகும். அழித்தால் செத்தவர்கள் சும்மா செத்ததாக ஆகும். 2010இல் எடுத்த இந்த முடிவு 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில் எழுந்து நிற்கும். தகவலை வைத்திருந்தால் ஈவ் என்ற க்ரோகன் பெண் பிழைப்பாள், அழித்திருந்தால் சாவாள். க்ரோகன் இனம் மீண்டு வந்தால் அதை நிதானமாக வழிநடத்தக்கூடிய ஒரு குரல் அவள். அவள் இல்லை, க்ரோகன் தலைவன் ரெக்ஸும் இல்லை என்ற நிலையில் ஜெனோஃபேஜைக் குணப்படுத்துவதே சரிதானா என்று மோர்டினே தடுமாறும் அளவுக்குக் கதை மாறுகிறது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று ஓரமாக வைத்த ஒரு குவெஸ்ட்டுக்கு இவ்வளவு நீளம்.

இதே தொடரின் முடிவுதான் 2012இல் பெரிய கோபத்தைக் கிளப்பியது. மூன்று கேம் நெடுக எடுத்த முடிவுகளைச் சுமந்து வந்தவர்கள் கடைசியில் எல்லாரும் அதே சில வழிகளின் முன்னால் நின்றார்கள், பார்த்த காட்சிகளும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. அந்த வருடம் ஜூனில் அதை உருவாக்கிய பயோவேர் எக்ஸ்டெண்டட் கட் என்று ஒரு நீட்டிப்பை இலவசமாக வெளியிட்டது. உங்கள் கேள்வியில் இருக்கும் ஏமாற்றமும் அந்தக் கோபமும் ஒரே குடும்பம். முடிவு மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த எதிர்பார்ப்பை வளர்த்தது விளம்பரம் செய்தவர்கள்தான். 'உங்கள் ஒவ்வொரு முடிவும் உலகை மாற்றும்' என்று விற்றுவிட்டு, பிறகு கணக்கைக் காட்டிக் கைவிரிப்பது நியாயமில்லை. டுச்சான்காவில் கிடைத்த கனமான முடிவு அந்தத் தொடரின் கடைசிப் பத்து நிமிடத்தில் கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, விட்சர் 3க்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே முடிவே மாறாது என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரியில்லை. எரெடினுடன் சண்டை மாறாது. ஆனால் சிரி என்ன ஆகிறாள் என்பது மாறும்: விட்சராகலாம், பேரரசியாகலாம், திரும்பி வராமலே போகலாம். அதைத் தீர்மானிப்பது சில சின்னச் சின்ன தருணங்கள். சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது பனிப்பந்து எறிந்து விளையாடினீர்களா, குடிக்கக் கொடுத்து உட்கார வைத்தீர்களா? மந்திரவாதினிகள் கூட்டத்தைச் சந்திக்க அவளைத் தனியாக அனுப்பினீர்களா, கூடவே போனீர்களா? அவளுக்கு உதவி, பிறகு இறந்துபோன ஸ்கியாலின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றபோது சரி என்றீர்களா? இவை எதிலும் 'இது முக்கியமான முடிவு' என்ற எச்சரிக்கை இருக்காது. எல்லாப் பதிலையும் எதிராகச் சொன்னேன் என்கிறீர்கள். அவளைச் சிறுபிள்ளையாக நடத்துவதும் பெரியவளாக மதிப்பதும் இரண்டு முறையும் கலந்து கலந்து வந்திருந்தால், கூட்டிக் கழித்து ஒரே விடை வருவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று, வடக்கு தேசங்களை யார் ஆள்வது என்ற கேள்வி. மெயின் குவெஸ்ட் முழுக்க அந்தப் போரின் பின்னணியில்தான் நடக்கிறது, ஆனால் விடை சைட் குவெஸ்ட்டில் இருக்கிறது. ராடோவிட் மன்னனைக் கொல்லும் சதி, கடைசியில் ஒற்றர் தலைவன் டைக்ஸ்ட்ராவா, கொரில்லாப் படைத் தலைவன் வெர்னான் ரோஷா என்று ஒரு பக்கம் நிற்க வேண்டிய அந்த நாடக அரங்கு. அந்தக் குவெஸ்ட் வரிசையைத் தொடாமல் விட்டால் ராடோவிட் வெல்கிறான். தொட்டால், நீங்கள் நின்ற பக்கத்தைப் பொறுத்து டைக்ஸ்ட்ராவின் ஆட்சியோ நில்ஃப்கார்டின் வெற்றியோ வரும். ஒரு சைட் குவெஸ்ட்டைச் செய்யாமல் விட்டதே ஒரு முடிவாகக் கணக்கில் ஏறுகிறது, இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னாலும், மேப்பை நிரப்பும் வேலை நடக்கிறது என்பதும் உறுதி. 2014இல் வந்த டிராகன் ஏஜ் இன்க்விசிஷனில் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற முதல் பெரிய பகுதியில் மூலிகை பறிப்பதும் கறி சேர்ப்பதுமாகப் பலர் மாட்டிக்கொண்டார்கள். 'சீக்கிரம் அங்கிருந்து கிளம்புங்கள்' என்பதே அந்த கேமுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரையாகிவிட்டது. பெரிய மேப் வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்கும், அதை நிரப்ப ஆள் பலம் இருக்காது, 'பத்து கொண்டுவா' வகை குவெஸ்ட்டை ஒரே அச்சில் நிறைய வார்க்கலாம். இதில் மர்மம் எதுவும் இல்லை. விட்சர் 3இலும் மேப்பில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிய கடலில் மிதக்கும் அந்தக் கேள்விக்குறிகள் இதே ரகம்தான்.

வேலை எளிது என்பதாலேயே ஒரு குவெஸ்ட் கெட்டதாகிவிடாது. வெள்ளைப் பழத்தோட்டத்தில் ஒரு கிழவி தன் வாணலியை மீட்டுத் தரச் சொல்வாள். பூட்டிய வீட்டுக்குள் போய் வாணலியை எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான், கொண்டுவா வகையில் இதைவிட எளிதாக இருக்க முடியாது. உள்ளே போனால் ஒரு பிணம், எரித்த காகிதம், ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்று. வாணலி பளபளவென்று துலக்கி வைத்தது போல இருக்கும். அதன் கரியைச் சுரண்டி யாரோ மை செய்து அவசரமாக எழுதியிருக்கிறார்கள். கிழவிக்கு இதில் எதுவுமே தேவையில்லை, வாணலி சுத்தமாக வந்ததே என்று சந்தோஷப்படுவாள். போர் நடக்கும் நாட்டில் ஒற்றர் வேலையும் சமையல் கவலையும் ஒரே அறையில் இருப்பதைச் சில நிமிடத்தில் காட்டிவிட்டார்கள். தேர்வு எதுவும் இல்லாத குவெஸ்ட் இது, ஆனால் கதை நடக்கும் இடத்தை நம்ப வைக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாமல் லேனாவின் கட்டில் அருகே யாரும் தயங்கி நிற்க மாட்டார்கள்.

உலகத்தில் எதையுமே மாற்றாத தேர்வும் உண்டு, அதற்கு டிஸ்கோ எலிசியம்தான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம். 2019இல் வந்தது. மார்ட்டினேஸ் என்ற துறைமுகப் பகுதியில் ஒரு கொலையை விசாரிக்கும் போலீஸ்காரர் நீங்கள். புத்தகக் கடைப் பக்கம் ஒரு பெண் நிற்பாள், கணவன் சில நாளாக வீட்டுக்கு வரவில்லை, குடித்துவிட்டு எங்காவது கிடப்பான் என்பாள். பிறகு கடற்கரையோரப் பலகை நடைபாதையில் ஒருவர் விழுந்து இறந்து கிடப்பதைக் காண்பீர்கள். அவர்தான் அந்தக் கணவர். கொலை இல்லை, சதி இல்லை, விபத்து. இப்போது அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அவர் உயிரோடு வரப்போவதில்லை. ஆனால் எப்படிச் சொல்வது? நேராகச் சொல்வதா, சுற்றி வளைப்பதா, கூட வரும் சக போலீஸ்காரர் கிம்மிடம் விட்டுவிடுவதா, பகடை சரியாக விழாமல் வாய்க்கு வந்ததை உளறுவதா? கதையின் எந்தக் கிளையும் இதனால் திரும்பாது. இருந்தும், அந்தக் கதவைத் தட்டும் முன் சும்மா நின்றுகொண்டிருந்த ஆட்டக்காரர்கள் பலரை நான் அறிவேன். நீங்கள் யார் என்பதை நீங்களே முடிவு செய்யும் இடம் அது.

மிகப் பழைய உதாரணமும் ஒன்று சொல்கிறேன். 1985இல் வந்த அல்டிமா 4இல் மந்திரப் பொருள் விற்கும் வியாபாரிகள் பார்வையற்றவர்கள். பொருளை எடுத்துக்கொண்டு எத்தனை பொற்காசு வைக்கிறீர்கள் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்து வைத்தால் அவர்களுக்குத் தெரியாது, கேமுக்குத் தெரியும், உங்கள் நேர்மைக் கணக்கில் குறையும். இங்கே குவெஸ்ட் என்று ஒன்றுமே கிடையாது, 'தேர்ந்தெடு' என்று பட்டியலும் கிடையாது, வெறும் கடைக் கணக்கு. நாற்பது வருடம் கழித்தும் இதைவிடச் சிக்கனமாக ஒரு தேர்வை வடிவமைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் வேலையில் ஒரு குவெஸ்ட் பிடித்துவிட்டதா என்று சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆடியவரிடம் மறுநாள் 'ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள்' என்று கேட்பேன். பதிலில் ஒரு மனிதரின் பெயர் வந்தால் குவெஸ்ட் வேலை செய்கிறது. 'அந்த வாள் நல்லா இருந்தது' என்று வந்தால் மறுபடி எழுதப் போய்விடுவேன். இது அறிவியல் முறை கிடையாது, கேட்கும் ஆட்களும் குறைவு, ஆனால் நடைமுறையில் எனக்குத் துணையாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் இன்னும் தீராத விவாதம் ஒன்று உண்டு. தேர்வு இருப்பது போன்ற தோற்றம் போதுமா? பெரும்பாலானவர்கள் ஒரு முறைதான் ஆடுகிறார்கள், மறு பாதையைப் பார்க்கவே மாட்டார்கள், பிறகு எதற்குச் செலவு என்று ஒரு தரப்பு கேட்கிறது. அந்த வாதத்தில் பலம் இல்லாமல் இல்லை. முதல் முறை ஆடும்போது தோற்றமும் உண்மையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இப்போது யாரும் தனியாக ஆடுவதில்லை. நண்பர் என்ன செய்தார் என்று கேட்கிறோம், வீடியோ பார்க்கிறோம். இரண்டு பேர் வேறு வேறாகச் செய்தும் ஒரே வசனத்தைக் கேட்டார்கள் என்று தெரிந்த நிமிடம் அந்த கேம் மீதான நம்பிக்கை போய்விடுகிறது, அதற்குப் பிறகு வரும் உண்மையான தேர்வையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதனால் சின்னதாக இருந்தாலும் உண்மையாக இருக்கட்டும் என்ற பக்கம்தான் நான்.

கடைசியாக, நீங்கள் செய்த சோதனையைப் பற்றி. எல்லாப் பதிலையும் எதிராகச் சொல்லி ஆடினால் பாதைகள் எங்கே சேர்கின்றன என்பது தெரியும், அது என் போன்றவர்களுக்குப் பயன்படும். ஆனால் முன்கூட்டியே பதிலைத் தீர்மானித்துவிட்டால் எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. மூன்றாவது முறை ஆடும் எண்ணம் இருந்தால் வழிகாட்டிப் பக்கங்களை மூடிவிடுங்கள், முடிவெடுத்த பிறகு லோட் செய்யாதீர்கள். விட்சர் 3இன் வெலன் பகுதியில் முணுமுணுக்கும் மேட்டு மரத்தின் முன்னால் நிற்கும்போது அந்த ஆவி சொல்வதை நம்புகிறீர்களா இல்லையா என்று மட்டும் யோசியுங்கள். சதுப்புநிலக் குழந்தைகள், 'பிளடி பேரன்' என்று அழைக்கப்படும் பிரபுவின் மனைவி அன்னா, பக்கத்துக் கிராமம் என்று எல்லாரும் அந்த ஒரு முடிவில் தொங்குகிறார்கள், எல்லாரையும் காப்பாற்றும் வழி கிடையாது. எல்லா சைட் குவெஸ்ட்டையும் முடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஸ்கெல்லிகே கடல் கேள்விக்குறிகளைக் கண்ணை மூடிக்கொண்டு விடுங்கள், அறிவிப்புப் பலகையில் உள்ளதைப் படித்துப் பார்த்து உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். டைக்ஸ்ட்ரா, ரோஷ் தரும் வேலைகளை மட்டும் மூடுபனித் தீவுக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவை தோல்வியாகப் பதிவாகிவிடும், ராடோவிட் குவெஸ்ட்டும் உங்களுக்குக் கிடைக்காது.